அப்பாவின் கட்சி

அப்பாவை ஊரறியத் தோற்கடிப்பது என்று நான் முடிவெடுத்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தேன். காரணம் அக்கா. அவளுக்குச் சென்னையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். அப்பா கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலைகளைச் சென்னைக் கடைகளுக்கு வேனில் ஏற்றிப் போகிறவர் அவர். சேலைகள் போகலாமாம், பெண் போகக்கூடாதாம். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் அக்காவின் அழுகையும் அம்மாவின் முணுமுணுப்பும் மாறி மாறிக் கேட்டன. அப்பாவின் காதில் எதுவும் விழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி ஆண்டுவிழாவில் பட்டிமன்றம் என்று சமூக அறிவியல் டீச்சர் அறிவித்தார். ‘பெண் பிள்ளைகளை வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க வைக்கலாமா’ என்ற தலைப்பை நான்தான் எழுந்து சொன்னேன். டீச்சருக்குப் பிடித்துவிட்டது. அப்பாவை முன் வரிசையில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என் திட்டம்.

டீச்சர் அதில் மண்ணைப் போட்டார். யாருக்கு எந்தக் கட்சி என்பதை மேடையில் காசைச் சுண்டித்தான் முடிவு செய்வாராம்.

“ரெண்டு பக்கமும் தயார் பண்ணுங்க. உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரங்க கிட்ட போய், ஏன் அப்படி நெனைக்கிறாங்கன்னு கேட்டுக்கினு வாங்க. அவங்க மாதிரியே எங்கிட்ட பேசிக் காட்டணும். அப்புறம்தான் மேடை” என்றார்.

எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர் வீட்டிலேயே இருந்தார். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

“ஏம்பா அக்காவ வேணாம்ன்ற?”

அக்காவுக்காக வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முறைத்தார். பள்ளிக்கூடத்துக்காக என்றேன். சற்று நேரம் சக்கரத்தையே தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

“ஒரு தபா மெட்ராஸ்ல ஜுரம் வந்து வண்டியிலயே படுத்துக்கினு கெடந்தேன். கடை வாசல்ல அத்தினி ஜனம் போவுது, வருது. ஒரு சொம்பு தண்ணி குடுக்க ஆளில்ல. நம்ம வீட்ல போன் இருக்குதா? அவளுக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட யாரு வந்து சொல்லுவா? நான் போய்ச் சேர்றதுக்குள்ள...”

வாளியை மறுபடி எடுத்துக்கொண்டார். இதை அவர் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. டீச்சரிடம் பேசிக் காட்ட வேண்டியது கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு நான் உள்ளே ஓடிவிட்டேன்.

விழா நாளன்று எனக்கு எதிரே நின்றவள் சின்ன காஞ்சிபுரத்துப் பெண். கோயில் கைங்கரியக் குடும்பம். அவள் வாயில் தமிழ் தடங்கலின்றி ஓடும். டீச்சர் காசைச் சுண்டினார். அவளுக்கு ‘வைக்கலாம்’. எனக்கு ‘கூடாது’.

மாற்றிக்கொள்ளலாமா என்று டீச்சரைக் கெஞ்சலாகப் பார்த்தேன். அவர் மணியை அடித்தார். முன் வரிசையில் அப்பா, அம்மா, அக்கா. அந்தப் பெண் பெண்கல்வியின் பெருமையைப் பேசி, பலத்த கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என் முறை வந்தது. நான் வாயைத் திறந்ததும் முதலில் வந்தது அப்பாவின் வேன்தான்.

ஜுரத்தில் சுருண்டு கிடந்த டிரைவரைச் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்காததைச் சொன்னேன். போன் இல்லாத வீட்டில், தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கெட்ட செய்தியோ என்று எழுந்து வருகிற ஓர் அப்பாவை நானாகவே சேர்த்துக்கொண்டேன். “பெண் படிப்பதில் அவருக்கு வருத்தமில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர முடியாதே என்றுதான் பயம்” என்று முடித்தேன்.

மடியில் பிள்ளையை வைத்திருந்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்த கைதட்டலில் அடுத்த அறிவிப்பு யாருக்கும் கேட்கவில்லை. கோப்பை எனக்கு! அந்தச் சின்ன காஞ்சிபுரத்துப் பெண்தான் முதல் ஆளாக வந்து என் கையைக் குலுக்கினாள்.

கீழே இறங்கி வந்தால் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. யாருக்காகப் பேச வந்து யாரை ஜெயிக்க வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேனில் வீடு திரும்பினோம். பாதி வழியில் அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

“அந்த ஆஸ்டல்ல ஜுரம் வந்தா யாரும்மா பாப்பாங்க?” என்று அக்காவைக் கேட்டார். அதட்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நர்ஸ் படிக்கிற எடம்பா அது. அங்க இருக்கிற அத்தினி பேரும் ஜுரத்தப் பாக்கத்தான் இருக்காங்க” என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும்.

“போனு?”

“இருக்குதுப்பா. நம்ம தெரு டீக்கடை நம்பர் குடுத்தா, கூப்ட்டு சொல்வாங்களாம்.”

அப்பா ஸ்டியரிங்கை விரலால் தட்டியபடி இருந்தார். “சரி. திங்கக்கெழம மெட்ராஸ் போறேன். நானே கூட்டிக்கினு போய் சேத்துட்டு வரேன். பொட்டிய கட்டு” என்றார்.

அக்கா போட்ட கூச்சலில் ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள்.

எனக்குத்தான் குழப்பம். “நான் கூடாதுன்னு பேசித்தானேப்பா ஜெயிச்சேன்? அப்புறம் ஏன் அனுப்பற?” என்றேன். அக்கா அவசரமாக என் வாயைப் பொத்தினாள்.

“நீ பேசினதாலதாம்மா” என்று சொல்லி அப்பா வண்டியைக் கிளப்பினார்.

அப்படியானால் நான் சரியாகப் பேசவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் கோட்டை விட்டேன் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.