நூர்ஜஹானின் மடிக்கணினி

செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. நூர்ஜஹானின் மகள் ஃபாத்திமா எழுதியிருந்தாள்: “உம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி. அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம். வாங்க.” எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வெண்டைக்காயை அங்கேயே வைத்துவிட்டுத் தோ பாயோவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு டாக்சி பிடித்தேன்.

நூர்ஜஹானை அறிந்தவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். “அவர்” என்று எழுதித்தான் ஆரம்பித்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டவளை அவர் என்று எழுத எனக்கு வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கிளைத் தெருவில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மிளகாய் அரைக்கும் நாளில் நாங்கள் இருவரும் தும்மிக்கொண்டே வேலை பார்ப்போம். அடுக்குமாடி வீட்டு புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிப் பக்கத்தில், மருந்தகத்தில் ஒட்டியிருக்கும் தமிழ் அறிவிப்புகளில் பல அவள் எழுதியவை. உங்களில் பலர் அவற்றை நூறு தடவை படித்திருப்பீர்கள். யார் எழுதியது என்று யாரும் கேட்டதில்லை, அவளுக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை மொழிபெயர்த்தாலும் அனுப்புவதற்கு முன் படியிறங்கிப் போய், கீழே மாலை கட்டும் சரோஜாவிடம் வாசித்துக் காட்டுவாள். கொசு ஒழிப்பு அறிவிப்பு ஒன்றில் “தேங்கிய நீரை அகற்றுக” என்று போட்டிருந்தாள். சரோஜா பூ கட்டுவதை நிறுத்தாமலே, “யாரு அகற்றணும், நானா?” என்று கேட்டாள். நூர்ஜஹான் மேலே வந்து, வாளியைக் கவிழ்த்து வையுங்கள் என்று மாற்றினாள். வேலை கொடுத்தவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் வாளி என்று எங்கேயும் இல்லையே என்று குறைபட்டார். “ஒரிஜினல்ல வாளி இல்ல சார். வீட்ல இருக்கு” என்றாள். வாளி அப்படியே அச்சானது.

அவளுடைய மடிக்கணினியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செங்கல் கனம். அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வருவாள். அதில் இருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இங்கே சிங்கப்பூரிலேயே ஒரு சிறு நிறுவனம் செய்தது. அந்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஊரெல்லாம் யூனிகோடுக்கு மாறிய பிறகும் அவள் அந்தப் பழைய எழுத்துருவை விடவில்லை. தாளில் அச்செடுத்தோ படமாக மாற்றியோ அனுப்பிவிடுவாள். கணினி புதுப்பிக்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் பிறகு, பிறகு என்று அழுத்துவாள். இது என்றைக்காவது உன் காலை வாரிவிடும் என்று நான் சொல்லாத வாரம் கிடையாது. “ஓடற வண்டியை எதுக்கு நிறுத்தணும்லா” என்பாள்.

அலுவலகத்தை மூடிவிட்டு நாங்கள் இருவரும் வீட்டோடு இருந்த காலத்தில்தான் அவளுக்கு நோய் வந்தது. மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை என்று சொன்ன பிறகு, வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஒரு அந்திமகாலப் பராமரிப்பு அமைப்பின் தாதி வரத் தொடங்கினாள். நூர்ஜஹான் என்ன தொழில் செய்தாள் என்று தெரிந்ததும் அந்த அமைப்பினர் ஒன்று கேட்டார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கையேடு வேண்டும். ஆங்கிலத்திலிருந்து எடுக்க வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுங்கள், உங்களுக்குத்தான் இப்போது இது தெரியும் என்றார்கள்.

அன்று அவள் என்னைக் கூப்பிட்டுப் பேசிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் சொன்னதை எழுதியே கை தேய்ந்தவள். முதல் தடவையாக அவளிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். வலி குறைந்த காலை வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டச்சு செய்தாள். என்னிடம் காட்டவில்லை. முடியட்டும், ஒரேயடியாகக் காட்டுகிறேன், இதை முடிக்காமல் நான் போகமாட்டேன் என்று சொன்னாள்.

அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் கணினி டக்டக்கென்று சத்தம் போட்டு நின்றது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நான் போனபோது அவள் மூடிய கணினியின் மேல் கையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் அத்தனை வருடம் எச்சரித்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. “எப்படியாச்சும் எனக்கு அதை எடுத்துக் குடு வசந்தா” என்றாள். அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

ரோச்சோர் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. டிஸ்க் கடைசி மூச்சில் இருக்கிறது, ஒரு முறைதான் திறக்கும், அதற்குள் உங்கள் தோழியின் கோப்புகளை எடுத்துவிடுகிறேன் என்றார். சொன்னபடியே எடுத்து ஒரு சின்ன யூஎஸ்பி குச்சியில் போட்டுக் கொடுத்தார். புது டிஸ்க்கையும் மாட்டினார். இயங்குதளத்தையும் அவரே போட்டுத் தருவதென்றால் அடுத்த வாரம்தான் முடியும் என்றார். அடுத்த வாரம் வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. இயங்குதளம் இருந்த இன்னொரு குச்சியை வாங்கிக்கொண்டு, நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்தோம். நூர்ஜஹான் சோபாவில் படுத்தபடி பிஸ்மில்லா சொன்னாள், நான் விசையை அழுத்தினேன். புது டிஸ்க்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. எந்த நாடு, எந்த மொழி, உங்கள் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பாதியில் அவளுடைய பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அது அவளுக்கு நினைவில்லை. மறந்துவிட்டால் குறியீடு அனுப்புகிறேன் என்று சொல்லி, எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணுக்கு அனுப்பியது. அலுவலகத்தை மூடிய நாளிலேயே அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். யாருக்கோ அந்தக் குறியீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நான் கணினியைப் பார்த்து வாயில் வந்தபடி ஏசினேன். நூர்ஜஹான் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதுக்கு என்னை யாருன்னே தெரியலையாம், நீ ஏன்லா அதோட சண்டை போடறே” என்றாள். கடைசியில், அடுத்த அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபாத்திமா எழுந்து வந்து, புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குச்சியைச் செருகினேன். எல்லாக் கோப்புகளும் இருந்தன. கையேடு என்று பெயர் போட்டிருந்ததைத் திறந்தேன்.

“என்ன வசந்தா, சத்தத்தையே காணோம்?” என்று அவள் சோபாவிலிருந்து கேட்டாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன். ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகள், தலையில் கொம்பு முளைத்த எழுத்துகள், கேள்விக்குறி, கோணல் கோடுகள் என்று பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது. அவளுடைய எழுத்துரு பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. கடைக்காரர் எல்லோரும் எடுப்பதுபோல அவளுடைய கோப்புகளைத்தான் எடுத்தார். அந்தக் கோப்புகளைத் தமிழாகக் காட்டுகிற பொருளும் டிஸ்க்கில் தனியாக இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே உறைக்கவில்லை.

பிறகு நாங்கள் செய்யாதது இல்லை. மென்பொருளின் பழைய வட்டு அலமாரியில் கிடைத்தது, கீறல் விழுந்து படிக்க முடியாமல் இருந்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் இணையத்தளங்களில் எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒன்றிலும் இந்த எழுத்துரு இல்லை, ஒரு குப்பையை இன்னொரு குப்பையாக்கித் தந்தன. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்தோம். தன்னிடமும் இல்லை என்று வெளிநாட்டிலிருந்து மிகவும் வருந்தி எழுதினார். யார் மேலும் கோபப்பட வழியில்லாமல் போனது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சில வரிகள் சொன்னாள். வந்தது எல்லாம் அலுவலகத் தமிழ். அவளே நிறுத்தச் சொன்னாள். வலி மருந்து அவள் தலையைப் பஞ்சாக்கி வைத்திருந்தது. “என்ன எழுதினேன்னு ஞாபகமில்ல. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் ஞாபகமிருக்கு” என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அவளுடைய பழைய வேலைகளின் அச்சுப் பிரதிகள் வீட்டில் இருந்தன. அதே வேலைகளின் கோப்புகள் கணினியில் குப்பையாக இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் கொம்பு க, இந்தக் கோணல் கோடு ம என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். கொசு அறிவிப்புதான் அதிகம் உதவியது. பிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்து, கையேட்டை எழுத்து எழுத்தாக எடுக்கத் தொடங்கினேன். “ரெண்டு பேரும் இங்கிலீஷைத் தமிழாக்கியே கிழவியாயிட்டோம். இப்ப என் தமிழையே தமிழாக்கறியே நீ” என்றாள்.

ஒரு நாளைக்கு ஒரு பத்தி வந்தால் அதிகம். எடுத்ததை வாசித்துக் காட்டுவேன். சாப்பாட்டைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: “பசியில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் சாப்பாட்டைத்தான் வேண்டாம் என்கிறார், உங்களை அல்ல.” வாசித்து முடித்ததும் கண்ணைத் திறந்து, “இது நல்லாருக்கே, யாரு எழுதினா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீதான்டி என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எடுத்துக்கொண்டிருந்த வேகத்தைவிட அவள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு எந்நேரமும் தூக்கம். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. உறவுக்காரர்கள் வந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். தாதி உதட்டை நனைக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஃபாத்திமா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். செய்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“உம்மா எழுதினதுல இதுக்கு என்ன செய்யணும்னு இருக்கா ஆன்ட்டி?”

நர்ஸிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

“நர்ஸ் சொன்னதெல்லாம் செய்யறேன். உம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னுதான் கேக்கறேன்.”

நடுவில் இருந்த பக்கங்களை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனேன். அதற்குள் அந்தக் கொம்பு எழுத்துகளைத் தாளைப் பார்க்காமலே படிக்கும் அளவுக்கு வந்திருந்தேன். தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது. “பேச்சு நின்ற பிறகு.” இதுதான், இதுதான் என்று ஃபாத்திமாவிடம் சொன்னேன். கீழே போனேன். ஒன்றும் இல்லை. இன்னும் கீழே போனேன். வெள்ளைப் பக்கம். அந்தத் தலைப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கணினி நின்றிருக்கிறது.

“அதுவரைக்கும்தான்மா எழுதியிருக்கா” என்றேன்.

ஃபாத்திமா சரி என்று தலையாட்டினாள். போய் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அப்படிக் கையாலாகாமல் நான் இருந்ததில்லை.

சுவா சூ காங்கில் நூர்ஜஹானை அடக்கம் செய்துவிட்டோம். விட்டுப்போன நடுப்பக்கங்களையும் இப்போது முழுவதும் எடுத்துவிட்டேன். அச்சுக்குத் தயாராக இருக்கிறது, அந்த ஒரு பக்கத்தைத் தவிர. அமைப்பினர் மிகவும் அன்பாகப் பேசினார்கள். ஆங்கிலக் கையேட்டிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் மொழிபெயர்த்துப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

கணினி ஃபாத்திமாவிடம் இருக்கிறது. நூர்ஜஹான் வேலை செய்த மேசையையும் நாற்காலியையும் எப்போதோ கொடுத்துவிட்டோம். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தலைப்பு மட்டும்தான். தினமும் காலையில் அதை என் கணினித் திரையில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஒரு வரி எழுதுகிறேன், வாசிக்கிறேன், அது அலுவலகத் தமிழாக இருக்கிறது, அழித்துவிடுகிறேன். நூர்ஜஹானை அறிந்தவர்களே, உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். பேச்சு நின்ற பிறகு நாம் என்ன செய்ய வேண்டும்?