மஞ்சளை நம்பிய வால்ட்ராவுட்

கிராட்ஸ் நகரத்து வால்ட்ராவுட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். வாய்க்கு ஏற்ற கையும் உண்டு. நொதிகளை, அதாவது என்சைம்களைத் திருத்துவது அவள் தொழில். மாவைப் புளிக்க வைக்கும் அதே இனம்தான். அவற்றை உண்டாக்கும் மரபணுவில் அங்கங்கே மாற்றிப்போட்டு, ஆயிரக்கணக்கில் வளர்த்து, கெட்டிக்காரனை மட்டும் பொறுக்கி எடுப்பாள். அவளுடைய அப்பா ரசாயன ஆலையின் நெடியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். அந்த நாற்றத்தின் மேல் அவளுக்குச் சொந்தப் பகை.

ஊருக்கு வெளியே இருந்த மருந்து ஆலையில் கன உலோகத்தையும் நெடியடிக்கும் கரைப்பானையும் கலனில் போட்டுத்தான் மூலச் சரக்கை மருந்தாக மாற்றினார்கள். வெறும் தண்ணீரில், நொதியை வைத்தே செய்து காட்டுகிறேன் என்று சவால் விட்டாள். தோற்றால் மேலாளர் ஏகொன் அந்தக் கன உலோக வேலைக்கே புதுக் கலன் வாங்கிவிடுவார். பிறகு அவள் பேச்சு அங்கே எடுபடாது.

முதல் சோதனை ஊத்திக்கொண்டது. போட்ட சரக்கு போட்டபடியே கிடந்தது.

"என்ன டாக்டரம்மா, உங்க ஆளு தூங்கிட்டானா?" என்றார் ஏகொன்.

"அவன் தூங்கலைங்க. நான்தான் தப்பான வேலையைப் பழக்கிட்டேன்."

உண்மைதான். நிஜச் சரக்குக்கு நிறம் கிடையாது. அது மாறியதா என்று அளக்க நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு அதன் மூலக்கூறின் வாலில் ஒரு சாயத்தைக் கட்டிவிட்டாள். வேலை நடந்தால் மஞ்சளாகும், கண்ணாலேயே பொறுக்கிவிடலாம். தலைமுறை தலைமுறையாக மஞ்சளைப் பார்த்தே பொறுக்கியதில், நொதி சாயத்தைக் கவ்வத்தான் கற்றுக்கொண்டது. சாயமில்லாத சரக்கை அது சீந்தவில்லை. எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும் என்று மாணவர்களிடம் மூச்சுக்கு மூச்சு சொல்பவள் அவள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப உலோகக் கலனுக்கே சொல்லிடவா?"

"பனி உருகுற வரைக்கும் பொறுங்க. அப்பவும் ஆகலைன்னா நானே வந்து அதை இறக்கி வைக்கிறேன்."

சாயத்தைக் கைகழுவினாள். முதலிலிருந்து தொடங்கி, நிஜச் சரக்கிலேயே ஒவ்வொரு நொதியாகக் கருவியில் அளந்தாள். பூசணி விதை எண்ணெய் ஊற்றிய பீன்ஸை நின்றபடியே தின்றாள்.

"நத்தைகூட நம்மள முந்திடும் போல," என்று ஆய்வகத்தில் கேலி பேசினார்கள்.

"சிரிங்கடா. நத்தையும் ஊர் போய்ச் சேரும்."

பனி உருகியது. இரண்டாவது சோதனையில், சரக்கு முழுதும் மாறிவிட்டதாகக் கருவி காட்டியது. கலனைத் திறக்கையில் ஏகொன் பழக்கதோஷத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டார். வால்ட்ராவுட் மாட்டவில்லை. வாழ்நாளெல்லாம் மூக்கை நம்பியே ஆலை நடத்திய ஏகொன், முகமூடியை மெல்ல இறக்கி முகர்ந்தார்.

"என்னங்க இது, ரொட்டிக் கடை மாதிரி இருக்கு! நிஜமாவே வேலை நடந்துச்சா?"

"நடந்தாச்சுங்க. நல்லா மூச்சு விடுங்க."

ஏகொன் திரும்பி, பின்னால் நின்ற வேலையாட்களையும் முகமூடியைக் கழற்றச் சொன்னார்.