டின்னில் வந்த தங்கமீன்கள்

எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சித்தப்பாவும் எங்களோடு இருந்தார். ஊரில் கல்யாணம் முடிந்த கையோடு அவர் வேலைக்குத் திரும்பிவிட, சித்தி சில மாதம் கழித்து உறவுக்காரர்களோடு கப்பலேறி வந்தாள். வந்தவள் என்னோடு பேசினாள், அம்மாவோடு பேசினாள், பக்கத்து வீட்டுப் பூனையோடுகூடப் பேசினாள். சித்தப்பாவோடு மட்டும் பேசவில்லை. அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சீனன் கடையிலிருந்து ஒரு பால்மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் நடந்தே வந்தார். உள்ளே நான்கு தங்கமீன்கள். கூடத்தில் முந்தின நாளே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். சித்தி கதவோரம் நின்று பார்த்தாள்.

சித்தப்பா டின்னைக் கவிழ்க்கப் போனார்.

"ஐயோ, ஊத்தாதீங்க!"

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். சித்தி ஓடிவந்து டின்னுக்குள் விரலை விட்டாள். "வெயில்ல வந்த தண்ணி, சுடுது. தொட்டியில சில்லுனு இருக்கு. திடீர்னு விட்டா தாங்குமா?"

"அப்ப என்ன செய்யலாம்?"

"டின்னோட உள்ள இறக்குங்க. சூடு ஆறட்டும்."

இறக்கியதும் டின் சாய்ந்தது. சித்தி சட்டென்று மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு மீன் பக்கவாட்டில் கிடந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"சாகாது லா, அழாதே," என்றார் சித்தப்பா. சித்தி தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக டின்னில் விட்டாள். மீன் மெல்ல நிமிர்ந்து வாலை ஆட்டியது.

"கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியா?"

"பெலான் பெலான்னு சொன்னான். மலாயில மெதுவான்னு அர்த்தம். நான்தான் மறந்துட்டேன்."

"பெலான் பெலான்," என்று சொல்லிப் பார்த்துச் சித்தி சிரித்தாள். பிறகு அவர் கப்பலைப் பற்றிக் கேட்டார். அவள் வாந்தி எடுத்த கதையைச் சொன்னாள். நான் இரண்டு தண்ணீரிலும் விரலை விட்டுப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு சித்தப்பா. விடலாம்."

"இல்லம்மா, இன்னும் சூடு இருக்கு."

நியாயம் கேட்கச் சித்தியைப் பார்த்தேன். அவள் விரலைக்கூட நனைக்காமல், "ஆமா, கொஞ்சம் சுடுது," என்றாள்.

அம்மா தேநீருக்குக் கூப்பிட்ட பிறகுதான் டின்னைச் சாய்த்தார்கள். நான்கும் ஒவ்வொன்றாக நீந்தி வெளியே வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும், சூடு எது, குளிர் எது என்றுகூடத் தெரியாத அந்த இரண்டு பெரியவர்களை நினைத்தால் பாவமாக இருந்தது.