தரவைக் கிணறும் கட்டைக் கயிறும்

எங்கள் கிணற்று வாளிக்கு எப்போதும் நீளம் குறைந்த கட்டைக் கயிறுதான். வாளியின் வாய் தண்ணீரில் பட்டுச் சரியலாம், மூழ்கக்கூடாது. மாரியில் தண்ணீர் ஏறினால் அம்மா கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறைப்பார். கோடையில் இறங்கினால் முடிச்சை அவிழ்த்து விடுவார். அந்த வேலையை வேறு யாரையும் செய்ய விட்டதில்லை.

“நல்ல தண்ணி மேலை கிடக்குது. அடியிலை கடல் படுத்திருக்குது. எழுப்பிப் போடாதேங்கோ” என்று எனக்கும் அண்ணைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கும் யோசித்துப் பயப்படுகிற பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. சின்ன வயதில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவே பயம். படுத்திருக்கிற கடல் ஒருநாள் தானாகவே எழும்பிவிட்டால் என்ன செய்வது? இதை அம்மாவிடம் கேட்டு ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

கிணற்றுக்குப் பின்னால் தரவை. வெயில் காலத்தில் மாடு மேய்கிற வெறும் வெளி அது. மாரியில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். புளியங்கூடல் பக்கமிருந்தும் நாரந்தனை வயல்களிலிருந்தும் வருகிற வெள்ளம் அங்கே நிற்கும், ஊறும். மிஞ்சியது றோட்டுக்குக் கீழே இருக்கிற மதவுக்குள்ளால் ஆழமில்லாத பரவைக்கடலுக்குப் போகும். ஆறில்லாத தீவில் எங்களுக்கு ஆறென்று இருந்தது அதுதான். அது ஊறியதால்தான் எங்கள் கிணறு நல்ல தண்ணீராக இருந்தது.

வெள்ளம் கடலைத் தொட்டதும் சிறுமீன்கள் எதிர்த்து ஏறிவரும். நானும் அண்ணையும் அப்பா உடுத்த பழைய சாரத்தை மதவடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். இழுவை கூடின பக்கத்தை அண்ணை பிடிப்பார். கொக்குகள் எங்களுக்குக் கொஞ்சமும் பயப்படாமல் பக்கத்திலேயே நின்று தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். சேறு மணக்க வீட்டுக்கு வந்தால் அம்மா கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் வார்த்துவிட்டு, குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். சீனி இல்லாத நாட்களிலும் அந்தத் தேத்தண்ணி இனித்தது. தண்ணீர் அப்படி.

அம்மா போய்விட்டார். அண்ணை கனடாவில். கிணற்றோடும் கயிற்றோடும் நான் இருக்கிறேன். தரவையில் காணி உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கிரவல் கொட்டி நிரப்பி மதில் கட்டினார்கள். ஒரு மதில் எழும்ப வெள்ளம் அடுத்த காணிக்குள் போகும். அங்கேயும் மதில் எழும்ப றோட்டில் ஏறும். மதவடி பல மாரிக்குக் காய்ந்தே கிடந்தது. எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அக்கா, கரையோரக் கத்தோலிக்கக் குடும்பத்து மனிசி, முன்பு பெட்டி நிறைய இறால் கொண்டுவருவார். மழைத் தண்ணீர் இறங்காவிட்டால் பரவைக்கடலில் இறால் வராது என்று சொல்லி, இப்போது பெட்டியைச் சரித்து அடியைக் காட்டுகிறார். நான் முகம் கறுத்து நின்றால் அவருக்குச் சிரிப்பு.

“நீர் யோசிக்கிற யோசினையிலை மிச்சக் கடலும் வத்தப் போகுது, தங்கச்சி.”

போன ஆவணியில் அண்ணை வந்தார். வயது போன காலத்தில் வந்திருக்க எங்கள் தரவைப் பக்கத்துக் காணியில் வீடு கட்டப் போவதாகச் சொன்னார். முழுவதையும் நிரப்பிச் சுற்றிவர மதில். நான் கிணற்றைச் சொன்னேன், வெள்ளத்தைச் சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது.

“உனக்கு மழை பெய்தாலும் பயம், பெய்யாட்டிலும் பயம்” என்றார். கோபமில்லை, பகிடிதான். ஆனால் கதை அதோடு முடிந்துவிட்டது.

றோட்டுப் பக்கமிருந்து கிரவல் கொட்டத் தொடங்கினார்கள். மதில் அத்திவாரத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அண்ணை தண்ணீர் மோட்டர் ஒன்று வாங்கிவந்து எங்கள் கிணற்றில் பூட்டினார். நீ இனிக் கயிறு இழுத்தது போதும், இது உனக்குத்தான் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் மறுக்கவும் எனக்கு ஏலாமல் போய்விட்டது. குழாயின் நுனி கிணற்றின் அடிக்கே போனது.

காலையில் போட்ட மோட்டர் நிற்கவில்லை. பாத்திரம் கழுவ, கால் கழுவ என்று ஏதாவது சாட்டுச் சொல்லிக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னேரம் வேலைக்காரருக்கும் அண்ணைக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.

அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

“என்னடி, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியோ?”

“இல்லை அண்ணை. அது கிணறு.”

அவர் எழும்பிப் போய் மோட்டரை நிறுத்தினார். கட்டைக் கயிறு எட்டவில்லை. முடிச்செல்லாவற்றையும் அவிழ்த்து, ஒரு வாளி அள்ளிக் கையில் ஏந்திக் குடித்தார். பிறகு கிணற்றுக் கட்டிலேயே இருந்துவிட்டார்.

“எழும்பீட்டுது” என்றார்.

அம்மாவின் சொல்லை அவர் வாயில் கேட்டு எத்தனையோ காலம். எனக்கு அழுகை வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் கிரவல் வண்டி வந்தபோது அண்ணை படலையிலேயே மறித்துத் திருப்பிவிட்டார். நிரப்பின துண்டில் மட்டும் சின்னதாக வீடு, பின்பக்கம் வெள்ளம் நிற்க இருக்கிறபடியே இருக்கட்டும், மதில் வேண்டாம் என்று மேசனிடம் சொன்னார். மதவுப் பக்கம் வெட்டின அத்திவாரக் கிடங்கை மூடுவித்தார். மோட்டரைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு விமானம் ஏறினார். நான் குடிக்கப் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர் பிடித்தேன்.

மாரி வந்தது. முந்தி நின்ற அளவில்லை. எங்கள் துண்டிலும் பக்கத்தில் நிரப்பாமல் கிடக்கிற துண்டிலும்தான் தண்ணீர் நின்றது. ஆனாலும் நின்றது. ஒருநாள் விடிய இரண்டு மூன்று கொக்குகள் நின்றன. அவை வேறிடம் போய்விடுமோ என்ற யோசனையில் கிணற்றடிக்குச் சத்தமில்லாமல் நடந்தேன். தினமும் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினேன்.

அண்ணை இப்போது போன் எடுத்தால் சுகம் கேட்பதற்கு முன் தேத்தண்ணி எப்படியென்றுதான் கேட்கிறார். நேற்றும் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“குடிக்கலாம் அண்ணை. ஆனால் சீனி வேணும்.”

“கயிற்றைக் குறைச்சனியோ?”

“ஓம், குறைச்சனான்.”