நனையாத துண்டு

பச்சைக் கட்டம் போட்ட புதுத் துண்டு. நான்காக மடித்து, கஞ்சி வாசனைகூடப் போகாமல், கிரேன் அண்ணனின் மடியில் இருந்தது. கடலுக்குப் போகிறாரே என்று அண்ணி ஆர்.கே.பேட்டையில் வாங்கிக் கொடுத்தது. மூன்று கடற்கரைகளைப் பார்த்துவிட்டு நாங்கள் வேனில் திரும்பியபோதும் அந்த மடிப்பு கலையவில்லை. காரணம் நான்தான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் எங்களுக்கு வேலை. தலைக்கு மேல் ஓடும் கிரேனை அண்ணன் ஓட்டினார். அவருக்கு அடுத்த ஷிஃப்ட் நான். மாற்று ஆள் ஏணி ஏறி வந்து உட்காரும்வரை கிரேன்காரர் இடத்தை விட்டு நகரக் கூடாது. நானோ நாஷ்டா, டீ, வாசலில் அரட்டை என்று அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் ஏறுவேன். கீழிருந்து உலையின் அனல் அடிக்கும் அந்தக் கூண்டில் அவர் வேர்த்து விறுவிறுத்துக் காத்திருப்பார். "வந்துட்டியாப்பா" என்பார், அவ்வளவுதான். ஒருநாள் நன்றாகத் திட்டியிருந்தால் திருந்தியிருப்பேனோ என்னவோ.

அந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறையில் பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். அண்ணன் அதுவரை கடலையே பார்த்ததில்லை. பக்கத்திலேயே பழவேற்காடு இருந்தும், ஓவர்டைம் போக மிஞ்சிய ஞாயிறுகளில் ஊருக்கு ஓடிவிடுவார். வேன் ஜன்னலில் கடல் தெரிந்ததும், "யப்பா, இன்னாடா இது, முடிவே இல்லாம கீது!" என்று கத்தினார். கோவளத்தில் செல்போன், பர்ஸ், சட்டை எல்லாவற்றையும் அவரிடம் குவித்துவிட்டு ஓடினோம். "நீங்க போங்கப்பா, நா அப்பறமா போறேன்" என்றார். மகாபலிபுரத்திலும் அதே கதைதான். அதற்கும் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, ஆளே இல்லாத ஒரு கடற்கரை. மூன்றிலும் அழகானது அதுதான். அங்கே நான் வாயைத் திறந்து சொன்னேன்: "அண்ணே, பத்தே நிமிஷம். நா வந்து உக்காந்துக்கறேன், நீ போய்க்கினு வா." உடனே பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார்.

அலை என்னைத் தூக்கிப் போட்டது. எல்லோரும் கூத்தடித்தோம். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். துண்டைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு அலை என்று நினைத்தேன், பாவி. டிரைவர் ஹாரன் அடித்தபோதுதான் கரையேறினேன். அவர் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் இருபது அடி இருக்கும். மாற்று ஆள் வராமல் அவர் எப்படி நகர்வார்?

"மன்னிச்சுக்கோண்ணே" என்றேன்.

"அட, விடுப்பா. கடலு எங்க பூடப் போவுது?" என்று பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.

கடல் எங்கேயும் போகவில்லை. அவர்தான் போய்விட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், மாரடைப்பு வந்து தூக்கத்திலேயே இறந்துவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். அழுது ஓய்ந்திருந்த அண்ணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பி, கடல்ல எறங்கினாரா? துண்டு நா குடுத்த மாதிரியே வந்துச்சு. கேட்டா, சிரிச்சுக்கினே பூட்டாரு."

"நல்லா குளிச்சாரு அண்ணி. நாங்கதான் இன்னொரு துண்டு குடுத்தோம்" என்றேன். கூசாமல் புளுகினேன். அண்ணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு மனைவியும் மகளும் என்னைப் பழவேற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போனாலும் பைகளுக்குக் காவல் இப்போது நான்தான். "பத்து நிமிஷத்துல வந்துடறேன், அப்பறம் நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு மனைவி தண்ணீரில் இறங்கினாள். மகளோடு சிரித்து விளையாடிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றாள். செல்போனில் மணி பார்த்தேன். பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. சொன்ன நேரத்துக்கு வருவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

"இன்னா யோசிச்சுக்கினு கீறீங்க? போங்க" என்று பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

நான்காக மடித்திருந்தது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்திருக்க முடியவில்லை.