வெள்ளிக்கிழமைக் கொழுக்கட்டை

இன்று ஸ்ட்ரெதமில் ஒரு உக்ரைன் கடைக்குள் நுழைந்ததும் சதகுப்பை மணத்தது. 2009இல், எனக்கு எட்டு வயதில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒக்சானா நடத்திய சாப்பாட்டுக்கடையும் இப்படித்தான் மணக்கும். பீட்ரூட் சூப்பின் ஆவியில் கண்ணாடியெல்லாம் வேர்த்திருக்க, உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து ஓரத்தைப் பல்லுப்பல்லாக மடித்து அவ அவிக்கும் வரெனிக்கியை அம்மா கொழுக்கட்டை என்றுதான் கேட்பா. ஒக்சானாவும் அந்தச் சொல்லையே பழகிவிட்டா. வழக்கமாக அதன்மேல் பொரித்த பன்றிக்கொழுப்புத் தூவுவா. வெள்ளிக்கிழமையில் மட்டும் அம்மாவைப் பார்த்து, "வெள்ளி, ஓம்?" என்று தமிழில் கேட்டுவிட்டு, வதக்கிய வெங்காயத்தோடு தருவா.

அந்தக் கடையும் இல்லை, அம்மாவும் இல்லை. ஸ்ட்ரெதமில் ஒன்றும் கேட்காமல் கொழுப்போடு கொண்டுவந்து வைத்தார்கள். நான் விரதம் பிடிப்பதில்லை. ஆனாலும் இன்று வெள்ளி என்று நினைவு வந்ததும் கொழுப்பை ஓரமாக ஒதுக்கினேன்.