படலுக்கு வெளியே படுத்த நாய்

எழுதப்பட்ட நாள் முதல் யாருமே பயன்படுத்தாத விதி ஒன்று கண்ணில் பட்டால், அதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க எனக்கு ஆசை வரும். உத்தியோகத்தில் இருந்தவரை இந்த ஆசைக்கு நேரம் கிடைக்கவில்லை. தாலுகா ஆபீசில் சிரஸ்ததாராக இருந்து ஓய்வு பெற்று, அஸ்தம்பட்டியில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு நேரத்தைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது அப்படித்தான். நாய்களிடம் எனக்குப் பிரியம் இருந்ததென்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அது யுத்த காலம். எங்கள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஒரு துரையின் பங்களாத் தோட்டத்தில் சீமைப் பூச்செடிகளை மேய்ந்துவிட்டது. அதைப் பிடித்து, ஊர் சுற்றும் கால்நடைகளை அடைத்து வைக்கும் நகரசபைப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள். மீட்கப் போனேன். மாடுகள் ஒரு பக்கம் நின்றன. இன்னொரு பக்கம் ஊர் சுற்றிப் பிடிபட்ட ஆடுகளை மூங்கில் படல் வைத்து அடைத்திருந்தார்கள். நாய்களுக்குக் கம்பிக் கூண்டு தனியாக இருந்தது. ஆனால் ஒரு நாய் மட்டும் கூண்டில் இல்லாமல் ஆட்டுப் படலுக்கு வெளியே படுத்திருந்தது. சாம்பல் கலந்த செவலை. முகவாய் நரைத்திருந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. கழுத்தைச் சுற்றி வளையம் போல் முடியில்லாமல் தழும்பு.

பவுண்டுக் காவல்காரரிடம் கேட்டேன்.

“ஆரு நாயின்னு ஆரு கண்டாங்க சாமி? ரோட்டுல புடிச்சது. கூண்டுல உட்டா கம்பியக் கடிச்சு வாயெல்லாம் ரத்தமாக்கிக்குது. இங்க உட்டாக் கம்முனு கெடக்குது. கெழட்டு நாயி, எங்க ஓடப்போவுது? நாளைக்கு வெடியால கெடு முடியுதுங்க.”

“முடிந்தால்?”

அவர் சுண்டுவிரலால் வானத்தைக் காட்டினார்.

“கெடு முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் வில்லை வாங்கிக் கழுத்தில் கட்டிக் கொண்டுபோகலாம் என்று விதி இருக்கிறதே?”

“இருக்குதுங்களா? மாட்டக் கேட்டு வருவாங்க, ஆட்டக் கேட்டு வருவாங்க. நாயக் கேட்டு வந்தது நீங்கதானுங்க மொதோ ஆளு.”

நான் நாயைக் கேட்டு வரவில்லை. ஆனால் அந்த விதியைப் பயன்படுத்தும் முதல் ஆள் என்று அவர் சொன்னதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. நகரசபை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா அப்படி ஒரு விதி இல்லவே இல்லை என்றார். எந்த அலமாரியில், எந்தக் கட்டுக்கு அடியில் இருக்கும் என்று சொன்னேன். இருந்தது. விதியோடு ஒட்டிய நிபந்தனையையும் அவர் மறந்திருந்தார். அதையும் நானே எடுத்துச் சொன்னேன். இப்படி எடுத்துப் போகும் நாயை வீட்டு வேலிக்குள்தான் வைத்திருக்க வேண்டும். மறுபடியும் ரோட்டில் பிடிபட்டால் கெடுவும் கிடையாது, மீட்பும் கிடையாது. கையெழுத்துப் போட்டேன். சிரஸ்ததார் புத்தி பென்ஷனோடு போவதில்லை.

ஒரு கையில் மாட்டுக் கயிறு, மறு கையில் நாய்க் கயிறு. வாசலில் நின்ற என் மனைவி இரண்டையும் பார்த்தாள்.

“மாட்ட மீட்டுட்டு வாரேன்னுதானுங்களே போனீங்க?”

“மாடும் வந்திருக்கிறது.”

“கெழடுங்க அது.”

“நாமும்தான்.”

“நம்மள ஆரும் பவுண்டுல இருந்து புடிச்சுட்டு வரலீங்களே” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

நாய் தண்ணீரைக் குடித்தது. சோற்றைத் தொடவில்லை. மாட்டுக் கொட்டகைத் தூணில் கட்டி, காலையில் நாங்கள் சாப்பிடும் நேரத்துக்குக் கம்பங்களியில் மோர் விட்டுக் கரைத்து வைத்தாள். அரிசி அளவாகக் கிடைத்த காலம். ரேஷன் கார்டில் நாயைக் குடும்ப அங்கத்தினராகச் சேர்க்கச் சர்க்கார் இன்னும் முன்வரவில்லை. நாய் முகர்ந்து பார்த்தது, வாலை ஒரு முறை ஆட்டியது, திரும்பிப் படுத்துக்கொண்டது. வீட்டுக்கு முதுகு, ரோட்டுக்கு முகம். எப்போது பார்த்தாலும் அப்படித்தான் படுத்தது. மறுநாளும் சாப்பிடவில்லை.

எதிர்வீட்டில் குமாரபாளையத்திலிருந்து வந்து குடியிருந்த நூல் வியாபாரி ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் அவருக்கு நாடகம்.

“ஏனுங்க, சிரஸ்ததார் ஊட்டு நாயி ஏகாதசி விரதமுங்களா?”

“விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.”

“என்ன விசாரணைங்க? மோரும் களியும் போட்டா அது பென்சன் வாங்குன நாயின்னு நெனச்சுக்குமுங்க. எலும்பு போடுங்க.”

அவரே ஆட்டெலும்பை இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் சமையலறையில் அதற்கு அனுமதி இல்லையாதலால் வேலியோரம் வைத்தோம். நாய் எலும்பைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு கயிறு எட்டும்வரை பின்னால் போய் நின்றது. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அப்படி நிற்பதை நான் தாலுகா கச்சேரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். எலும்பைக் கண்டு குற்றவாளி போல் நிற்கும் நாயை அன்றுதான் பார்த்தேன். வியாபாரிக்கே சிரிப்பு அடங்கிவிட்டது.

கால்நடை டாக்டர் வந்து பல்லைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, “நோய் ஒன்றும் இல்லை. ஏக்கமாக இருக்கலாம். இந்த வயதில் இப்படியே இன்னும் சில நாள் கிடந்தால் தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் என் மனைவியும் சரியாகச் சாப்பிடவில்லை.

“நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?”

“வாயில்லாச் சீவன் ஊட்டுக்கு வந்து சாவக் கெடக்குது. சோறு எறங்குமாங்க?” என்றாள். பிறகு, “விதி இருக்குதான்னு பாக்கக் கூட்டிட்டு வந்தீங்க. பாத்தாச்சில்லீங்க? இனி நாயப் பாருங்க” என்றாள்.

அது நியாயமான உத்தரவு. பார்க்க ஆரம்பித்தேன். தாலுகா விசாரணை முறைப்படி ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். தட்டை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். வைக்கும் ஆளை மாற்றினேன். பயனில்லை. ஒன்று மட்டும் கவனத்தில் பட்டது. பகலெல்லாம் கல்லாகக் கிடக்கும் நாய், பொழுது சாயும்போது எழுந்துவிடும். வேலி வாசலைப் பார்த்து முனகும், கயிற்றை இழுக்கும், என்னைப் பார்க்கும், மறுபடியும் வாசலைப் பார்க்கும். ஓடிப்போகப் பார்க்கிறது என்று தீர்மானித்துக் கயிற்றைக் குட்டையாக்கினேன். காரணம் புரியாத மனுவைத் தள்ளுபடி செய்வது எனக்கு எளிதாக வரும்.

அடுத்த நாள் என் மனைவி அருகில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். பொழுது இறங்கிவிட்டது, அவள் திரும்பவில்லை. நாய் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் வாசலைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் நின்றது. எனக்கு நிபந்தனை வாசகம் எழுத்துக்கு எழுத்து நினைவுக்கு வந்தது. எந்த வேளையிலும் நகரசபையின் நாய் பிடிக்கும் வண்டி வரலாம். “வா, வா” என்று கூப்பிட்டேன். வரவில்லை. ஓடவும் இல்லை. நடு ரோட்டில் நின்று அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். நாய் எதிரே போய், அவளுக்குப் பின்னால் சுற்றி வந்து, கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி நடந்து அவளை வாசலுக்குள் கொண்டுவந்து விட்டது. பிறகு ரோட்டோரப் புல்லில் முளையடித்துக் கட்டியிருந்த எங்கள் பசுவிடம் போய் ஒரே ஒரு தடவை குரைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் பசுவை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்தேன். நாய் மட்டும் வரவில்லை.

“உள்ள வா சாமி” என்று அவள் கெஞ்சினாள். அது அசையவில்லை. எனக்குக் கோபம் வந்து படலை இழுத்துச் சாத்தினேன். வாசலுக்கு இரும்புக் கதவு சொல்லிவைத்திருந்தேன். இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் கிளுவை வேலிக்கு மூங்கில் படல்தான் கதவாக இருந்தது. படல் சாத்தியதும் நாய் வேலியை ஒட்டியே நடந்து, பின்பக்கத்து வெற்று நிலம் வழியாக வீட்டை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. படலுக்கு முன்னால், வெளியே, ரோட்டைப் பார்த்துப் படுத்தது. பெருமூச்சு ஒன்று விட்டது.

அவள் காலையில் வைத்த களியைப் படலுக்கு அடியில் தள்ளினாள். தட்டு காலியான பிறகும் நக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். “பட்டி நாயிங்க” என்று அவள் சொன்னதும், “பட்டி நாய்” என்று நான் சொன்னதும் ஒரே சமயத்தில்தான். மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் கோடையில் கொல்லைகளில் ஆட்டுப்பட்டி போடுவதை இந்தச் சீமையில் பார்க்காதவர் கிடையாது. பொழுதோடு ஆடெல்லாம் படலுக்குள் அடையும். கடைசி ஆடு அடைந்து படல் சாத்திய பிறகுதான் நாய்க்குச் சோறு. நாய் படுப்பது எப்போதும் வெளியே. கழுத்துத் தழும்பு, நரியும் சிறுத்தையும் கடிக்காமலிருக்கப் போட்ட முள் பட்டையின் தழும்பு. எல்லாம் எங்களுக்குத் தெரிந்த விஷயம். தோன்றாமல் போனதற்குக் காரணம் ஒன்றே: எங்களை ஆடுகளாக நினைத்து எங்களுக்குப் பழக்கமில்லை. பட்டி நாயின் முன்னால் ஆட்டெலும்பை வைத்தது, கஜானாக் காவலனிடம் உடைந்த பூட்டைக் காட்டியது போலத்தான்.

சந்தோஷம் நெடுநேரம் நிற்கவில்லை. வெளியே படுத்தால்தான் சாப்பிடும். வெளியே படுத்தால் நாய் வண்டி கொண்டுபோகும். அன்று அதை இருவரும் சேர்ந்து உள்ளே இழுத்துக் கட்டினோம். மறுநாள் மறுபடியும் பட்டினி.

“எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களே? மாத்தி எழுதுங்க” என்றாள்.

“கையெழுத்தான பிறகு மாற்ற முடியாது.”

“அப்ப நாயி சாவட்டுமுங்களா?”

முற்றத்தில் நடந்தேன். நிபந்தனை என்ன சொல்கிறது? நாய் வேலிக்குள் இருக்க வேண்டும். நாங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. வேலிக்குள் இன்னொரு வேலி கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. நான் படித்த விதிகளிலேயே என்னை மகிழ்வித்தது, எழுதாமல் விட்ட அந்த ஒன்றுதான்.

ஆட்டுக்காரர்களிடமிருந்து பழைய படல்களை வாங்கி வண்டியில் ஏற்றி வந்தேன். வீட்டையும் கொட்டகையையும் சுற்றி நிறுத்திக் கட்டினோம். கிளுவை வேலிக்கும் படலுக்கும் நடுவே நாய் நடக்கிற அளவுக்குச் சந்து. நாய்க்கு அது வெளியே. நகரசபைக்கு அது உள்ளே. நாய் இதை ஒப்புக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. எலும்பெல்லாம் தெரிய இளைத்துவிட்டது; இன்னொரு சோதனைக்கு அதற்குத் தெம்பில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் பசுவைக் கட்டினோம், உள்ளே போனோம், படலைச் சாத்தினோம். சந்தில் விட்ட நாய் நின்று பார்த்தது. படுக்கவில்லை. அவள் களித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். நாய் குரைத்தது. மறுபடியும் குரைத்தது.

“ஒத்துக்கலீங்க” என்றாள்.

நாய் எங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வேடிக்கை பார்க்க வந்த நூல் வியாபாரி வெளி வாசலைத் தாண்டி வந்து சந்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்க சிரஸ்ததார், உங்களையே அடச்சுப்போட்டீங்களா? ஜாமீனுக்கு மனுப் போடோணுமுங்க…”

முடிக்கவில்லை. நாய் அவர் முழங்காலுக்குப் பின்னால் மூக்கை வைத்தது. அவர் ஒரு அடி முன்னால் வந்தார். இன்னொரு முறை மூக்கு. இன்னொரு அடி. கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. நான் படலைத் திறந்தேன். மனுஷர் உள்ளே வந்தார்.

“என்னையுமுங்களா?” என்றார்.

படல் சாத்தப்பட்டது. நாய் சந்தில் மெதுவாக ஒரு சுற்று வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துப் படுத்தது. அவள் தட்டை அடியில் தள்ளினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சாப்பிட்டது.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்களும் சோறு உண்டுபோட்டுப் போங்க, எப்படியும் இப்ப வெளியில உடாது” என்றாள். வியாபாரி சாப்பிட்டார். அவளும் வயிறார அன்றுதான் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் நாய் வண்டி எங்கள் வாசலில் நின்றது. வண்டிக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வில்லை கட்டிய நாய், வேலிக்குள் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் படலுக்குள் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் நாயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தீர்மானிக்க முடியாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

ஒரு முறை சந்தைக்குப் போகும் மேச்சேரி ஆடுகள் ரோட்டை நிறைத்துக்கொண்டு போயின. நாய் எழுந்து வேலியோரம் நின்றது. அதன் பழைய எசமான் அதில் இருப்பாரோ, போய்விடுமோ என்று நான் வாசலையே திறந்து வைத்தேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசி ஆடு போகும்வரை பார்த்தது. பிறகு திரும்பி, என் மனைவி கிணற்றடியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் படுத்தது.

நாய் இருந்தவரை நாங்கள் பொழுதோடு வீடு திரும்பினோம். கலியாணமானாலும் நோம்பியானாலும் சாயங்காலத்துக்குள் எழுந்துவிடுவோம். எதிர்வீட்டிலிருந்து தினமும் குரல் வரும்:

“ஏனுங்க, ஆடு அடஞ்சுதுங்களா?”

“ரெண்டும் அடஞ்சிருச்சுங்க” என்று என் மனைவி பதில் சொல்வாள். நான் படலை இழுத்துச் சாத்துவேன்.